இதனால்தான் அது வந்ததா? நோய்க்காரணம் தேடும் ஆய்வுகளைப் படிக்க ஒரு பாடம்

மருத்துவ முகாம்களில் தொண்டு செய்யும் இளைஞர்களும், கல்வி உதவி பெற்று நர்சிங், பார்மசி, பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காபி இதயத்துக்கு நல்லது என்று ஒரு செய்தி வருகிறது. கெட்டது என்று மறுமாதமே இன்னொரு செய்தி வருகிறது. இரண்டுமே ஆய்வு என்கிறார்கள். எதை நம்புவது?" முடிவை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன், அந்த ஆய்வு எப்படி நடத்தப்பட்டது என்று பார்க்கப் பழக வேண்டும். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. நான்கைந்து ஆய்வு முறைகளின் பலமும் பலவீனமும் தெரிந்தால் போதும்.

ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பார்கள். இது சோதனை ஆய்வு. ஆனால் சிகரெட் புற்றுநோய் தருமா என்று பார்க்க ஆயிரம் பேரை இருபது வருடம் புகைக்கச் சொல்ல முடியுமா? முடியாது, கூடாது. மக்கள் தாங்களாகவே எப்படி வாழ்கிறார்களோ அதை அப்படியே பார்த்துப் பதிவு செய்துதான் விடை தேட வேண்டும். இதற்கு நோக்கு ஆய்வு என்று பெயர். ஆய்வாளர் எதையும் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. பார்க்கிறார், கேட்கிறார், எண்ணுகிறார்.

இந்த முறைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே கேள்விக்கு எல்லா முறைகளையும் பயன்படுத்திய ஒரு வரலாற்றைப் பின்தொடர்வது எளிது. புகைபிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும் பற்றிய வரலாறு அதற்கு மிகப் பொருத்தம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947இல் அதே எண்ணிக்கை 9,287. இருபத்தைந்து ஆண்டில் பதினைந்து மடங்கு. எக்ஸ்ரே வந்துவிட்டதால் நோய் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, அவ்வளவுதான் என்று சிலர் சொன்னார்கள். பெருகிவரும் மோட்டார் வண்டிகளின் புகை, சாலைக்குப் போடும் தார் என்று வேறு சிலர் சந்தேகப்பட்டார்கள். சிகரெட் மேல் சந்தேகம் இருந்தது; ஆனால் அன்றைய பிரிட்டனில் பெரும்பாலான ஆண்கள் புகைத்தார்கள், டாக்டர்கள் உட்பட. எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தைக் குற்றவாளியாகப் பார்ப்பது யாருக்கும் எளிதல்ல.

தொகுத்துப் பார்க்கும் ஆய்வு

மிக மலிவான வழி, தனி ஆட்களைக் கேட்காமல் நாடுகளையோ ஊர்களையோ ஒப்பிடுவது. 1955இல் ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினொரு நாடுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாட்டிலும் 1930இல் ஓர் ஆளுக்கு எத்தனை சிகரெட் விற்றது, 1950இல் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் எவ்வளவு என்று புள்ளி வைத்துப் பார்த்தார். சிகரெட் அதிகம் விற்ற நாட்டில் பொதுவாக மரணமும் அதிகமாக இருந்தது. இருபது வருட இடைவெளி விட்டதைக் கவனியுங்கள். புற்றுநோய் இன்று புகைத்து நாளை வருவதல்ல என்பதால் அந்த இடைவெளி.

இத்தகைய ஆய்வு சந்தேகத்தைக் கிளப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. இறந்தவர்கள்தான் புகைத்தவர்களா என்பதே இதில் தெரியாது. 1950இல் ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை அழகாகக் காட்டினார். 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள அமெரிக்க மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? தனி ஆட்களாக எடுத்துப் பார்த்தால் நேர்மாறு. குடியேறியவர்களிடையேதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சற்று அதிகம். பள்ளிகள் நன்றாக இருந்த, வேலை கிடைத்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறினார்கள், அவ்வளவுதான். ஊரைப் பற்றிய உண்மையை ஆளின் மேல் ஏற்றும் இந்தத் தவறு இன்றும் நாளிதழ்களில் வாராவாரம் நடக்கிறது.

ஒரே நாளில் எடுக்கும் ஆய்வு

நம் முகாம்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேர் வருகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறோம். புகைப்பீர்களா, வெற்றிலை போடுவீர்களா, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறோம். நோயையும் பழக்கத்தையும் ஒரே நேரத்தில் அளக்கும் இம்முறையைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பார்கள். ஒரு வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் அந்த நிமிடத்தில் உள்ளே இருப்பது தெரியும். எப்படி வளர்ந்தது என்பது தெரியாது.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இந்தியாவில் பெரியவர்களில் எத்தனை பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்பதை இப்படித்தான் கணக்கிட்டார்கள். 2009-10இல் நடந்த கணக்கெடுப்பில் 34.6 சதவீதம், 2016-17இல் 28.6 சதவீதம். திட்டம் போட, நிதி ஒதுக்க இந்த எண்கள் தேவை.

காரணம் கேட்டால்தான் இது தடுமாறும். முகாமில் கணக்கெடுத்துப் பாருங்கள்: சர்க்கரை போடாத டீ குடிப்பவர்களிடையே சர்க்கரை நோய் அதிகமாக இருக்கும். சர்க்கரையில்லாத டீயால் சர்க்கரை நோய் வந்ததா? நோய் வந்ததால் டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். எது முதலில், எது பின்னால் என்று ஒரே நாள் கணக்கு சொல்லாது. இன்னொரு குறையும் உண்டு. கடும் நோயில் படுத்தவர் முகாமுக்கு வரமாட்டார். ஏற்கெனவே இறந்தவர் வரவே மாட்டார். விரைவில் உயிரைப் பறிக்கும் நோய் இந்தக் கணக்கில் குறைவாகவே தெரியும். முகாமுக்கு வந்தவர்களை வைத்து முழு மஹல்லாவின் நிலை இது என்று அறிக்கை எழுதுவதும் சரியல்ல. உடம்பில் சந்தேகம் உள்ளவர்களும் பகலில் ஓய்வாக இருப்பவர்களும்தான் அதிகம் வருகிறார்கள்.

பின்னோக்கிக் கேட்கும் ஆய்வு

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு புள்ளியியல் பேராசிரியர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லிடம் இந்தக் கேள்வியை ஒப்படைத்தது. அவர் டாலைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இருபது லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே வயதுப் பிரிவில், அதே பாலில், புற்றுநோய் அல்லாத வேறு நோய்க்காகப் படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பிலும் 709 பேர். மருத்துவமனைச் சமூகநலப் பணியாளர்கள் கட்டிலருகே போய், எந்த வயதில் புகைக்க ஆரம்பித்தீர்கள், நாளைக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள் என்று விரிவாகக் கேட்டு எழுதினார்கள். நோய் வந்தவரையும் வராதவரையும் எடுத்துக்கொண்டு கடந்த காலத்தைக் கேட்கும் இம்முறைக்கு நோயாளர்-ஒப்பீட்டாளர் ஆய்வு என்று பெயர். கல்லூரியில் கேஸ் கன்ட்ரோல் என்றே சொல்வார்கள்.

1950 செப்டம்பரில் முடிவு வெளிவந்தது. புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர் மட்டுமே. ஒப்பீட்டாளர்களான 649 ஆண்களில் புகைக்காதவர் 27 பேர்.

முதல் பார்வையில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இந்தப் பக்கம் 99.7 சதவீதம் பேர் புகைத்தவர்கள், அந்தப் பக்கம் 95.8 சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றும். கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். நோயாளிகளில் புகைக்காத ஒருவருக்கு எத்தனை புகைத்தவர்கள்? 647ஐ 2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 323. ஒப்பீட்டாளர்களில்? 622ஐ 27ஆல் வகுத்தால் 23. 323ஐ 23ஆல் வகுத்தால் 14. இந்தப் பதினான்குதான் ஆட்ஸ் ரேஷியோ என்பது. அந்த நோய் அரிதாக இருக்கும்வரை, புகைப்பவருக்கு ஆபத்து சுமார் பதினான்கு மடங்கு என்று இதைப் படிக்கலாம் என்று 1951இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் நிறுவினார்.

தேர்வில் பல மாணவர்கள் தவறும் இடம் இது. 709 நோயாளிகளும் 709 ஒப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே புகைத்தவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் புற்றுநோய் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு தரப்பிலும் எத்தனை பேர் என்று முடிவு செய்தவர் ஆய்வாளர். ஒப்பீட்டாளர்களை இரட்டிப்பாக எடுத்திருந்தால் அந்தப் பாதி மூன்றில் ஒன்றாக மாறியிருக்கும். எனவே ஆயிரம் பேர் புகைத்தால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இந்த ஆய்விலிருந்து நேரடியாக எடுக்கவே முடியாது. மடங்கு மட்டுமே கிடைக்கும்.

இதன் பெரிய ஆபத்து ஞாபகம். பிறவிக் குறையுடன் குழந்தை பெற்ற தாயிடம் கர்ப்ப காலத்தில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டால், மாதக்கணக்கில் அதையே நினைத்து அழுத அவர் ஒன்று விடாமல் சொல்வார். ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றவருக்குப் பாதி மறந்திருக்கும். மருந்தில் குற்றமே இல்லாவிட்டாலும் குற்றம் இருப்பதுபோல் தெரியும். கேட்பவர் மனதும் சாயும். புற்றுநோயாளி என்று தெரிந்தால் இன்னும் துருவிக் கேட்பார். டாலும் ஹில்லும் இதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார்கள், எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பேட்டி எடுக்கும்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு அது வேறு நோய் என்று தெரிந்த சிலர் இருந்தார்கள். பேட்டி எடுத்தவரும் நோயாளியும் அது புற்றுநோய் என்றே நம்பிய வேளையில் எழுதப்பட்ட விடைகள் அவை. மனச் சாய்வுதான் முடிவை உண்டாக்கியது என்றால், இவர்களும் புற்றுநோயாளிகளைப் போலவே அதிகம் புகைத்தவர்களாகத் தெரிய வேண்டும். ஆனால் இவர்களுடைய புகைப்பழக்கம் ஒப்பீட்டாளர்களுடையதைப் போலவே இருந்தது.

அதே 1950இல் அமெரிக்காவில் மருத்துவ மாணவரான எர்ன்ஸ்ட் வைண்டரும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரஹாமும் இதே முறையில் இதே முடிவுக்கு வந்தார்கள். கிரஹாம் தாமே கடுமையாகப் புகைத்தவர். 1957இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். டால் தம் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே சிகரெட்டை விட்டுவிட்டார்.

அரிதான நோய்க்கு இம்முறையே சிறந்தது. 1971இல் பாஸ்டன் நகரில் இளம் பெண்கள் எட்டுப் பேருக்கு, அந்த வயதில் யாரும் கண்டிராத ஒருவகைப் பெண்ணுறுப்புப் புற்றுநோய் வந்திருந்தது. ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு பேர் வீதம் 32 ஒப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் வந்தவர்களில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டிஇஎஸ் எனப்படும் செயற்கை ஹார்மோன் மாத்திரை எடுத்திருந்தார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று அப்போது கொடுத்தது அது. 32 பேரின் தாய்மார்களில் அதை எடுத்தவர் ஒருவருமில்லை. மொத்தம் நாற்பது பேர்தான். அந்த ஆண்டே கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. இதைக் காத்திருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால் பல ஆயிரம் கர்ப்பிணிகளைப் பிடித்து, அவர்களுடைய மகள்கள் வளரும்வரை இருபது வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னும் எத்தனை பேர் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள்!

காத்திருந்து பார்க்கும் ஆய்வு

1950 முடிவைப் பலர் நம்பவில்லை. நோயாளியின் ஞாபகத்தை வைத்து ஒரு நாட்டின் பழக்கத்தையே குற்றம் சொல்வதா என்றார்கள். எனவே டாலும் ஹில்லும் எதிர்த் திசையில் போனார்கள். முதலில் பழக்கத்தை எழுதிக்கொள்வது, பிறகு நோய் வருகிறதா என்று காத்திருப்பது. இதைக் கோஹார்ட் ஆய்வு என்பார்கள். தமிழில் தொடர் கண்காணிப்பு ஆய்வு.

யாரைக் கண்காணிப்பது? 1951 அக்டோபரில் பிரிட்டனில் பதிவு பெற்ற டாக்டர்கள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேருக்கும் ஒரு சிறிய கேள்வித்தாள் அனுப்பினார்கள். டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனமான முடிவு. பதிவேட்டில் முகவரி இருக்கும், வீடு மாறினாலும் தொலைந்துபோக மாட்டார்கள், இறந்தால் காரணம் ஒழுங்காகப் பதிவாகும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 34,439 ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

மூன்று ஆண்டுக்குள்ளேயே, 1954 ஜூன் மாதம், முதல் அறிக்கை. 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவரும் இல்லை. 1956 அறிக்கையில் எண்கள் இன்னும் தெளிவாயின. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை மரணம் என்ற கணக்கில், புகைக்காதவர்களிடம் 0.07, குறைவாகப் புகைப்பவர்களிடம் 0.47, நடுத்தரம் 0.86, மிக அதிகம் புகைப்பவர்களிடம் 1.66. படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள்.

இந்த எண்களைக் கோஹார்ட் ஆய்வு மட்டுமே நேரடியாகத் தரும். இதில் இரண்டு விதமான கணக்குப் போடலாம். 1.66ஐ 0.07ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 மடங்கு. இது காரணத்தின் வலிமையைக் காட்டுகிறது. 1.66இலிருந்து 0.07ஐக் கழித்தால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 1.59 கூடுதல் மரணம். இது சுமையைக் காட்டுகிறது. செய்தித்தாளில் வகுத்த எண் மட்டும்தான் வரும், அதுதான் கண்ணைப் பறிக்கும். ஒரு அரிய நோய் பத்து மடங்கானாலும் ஊரில் ஒருவருக்கு வரலாம். மாரடைப்பு போன்ற பொது நோய் ஒன்றரை மடங்கானால் தெருவுக்கு ஒரு வீட்டில் மரணம். உதவி நிதியை எங்கே செலவிடுவது என்று யோசிப்பவர்கள் கழித்த எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

டாக்டர்களின் ஆய்வு ஐம்பது ஆண்டு தொடர்ந்தது. இடையிடையே புதிய கேள்வித்தாள்கள் அனுப்பி, யார் விட்டார்கள், யார் தொடர்கிறார்கள் என்று புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். 2004 ஜூன் 26ஆம் தேதி, முதல் அறிக்கை வந்து சரியாக ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், கடைசிப் பெரிய அறிக்கை. வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்பே இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவருக்குச் சுமார் மூன்று வருடமும், ஐம்பதில் விட்டவருக்கு ஆறும், நாற்பதில் ஒன்பதும், முப்பதில் விட்டவருக்கு ஏறத்தாழ முழுப் பத்தும் திரும்பக் கிடைத்தன. அறிக்கையின் முதல் பெயர் டால்தான். அப்போது அவருக்கு வயது 91.

இம்முறையின் பலவீனம் பணமும் காலமும். அரிதான நோய்க்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும். ஆட்கள் இடையில் தொலைந்தால், தொலைந்தவர்கள்தான் நோயாளிகளோ என்ற சந்தேகம் கடைசிவரை தீராது. பதில் அனுப்பாத மூன்றில் ஒரு பங்கு டாக்டர்களில் நோயாளிகள் அதிகம் இருந்திருப்பார்கள் என்பதால், முதல் சில ஆண்டுகளில் மரண எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைவாகவே தெரிந்தது.

காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் பழைய பதிவேடுகளைத் திறக்கலாம். 1955இல் டால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்குக் குறையாமல் அந்தத் தூசியில் உழைத்த 113 பேரின் பெயர்களைத் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து எடுத்தார். நாட்டின் பொதுக் கணக்குப்படி அவர்களில் நுரையீரல் புற்றுநோயால் ஒருவர்கூட இறந்திருக்கத் தேவையில்லை, எதிர்பார்த்தது 0.8. இறந்திருந்தவர்கள் 11 பேர். கடந்த காலத்திலேயே தொடங்கி முடிந்த கோஹார்ட் இது. ஞாபகத்தை நம்பவில்லை, அந்தந்தக் காலத்தில் எழுதி வைத்ததை நம்பியது. பழைய ரிஜிஸ்தர்களை எடைக்குப் போடும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது ஆள்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரிய மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. நவீனப் புள்ளியியலின் தந்தைகளில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர். சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வரும், தீப்பெட்டியா காரணம்? இரண்டுக்கும் பின்னால் சிகரெட் என்ற மூன்றாவது ஆள் நிற்கிறார். இப்படி மறைந்து நிற்பதைக் குழப்பும் காரணி என்பார்கள். அதேபோல் சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் பின்னால் ஒரு பரம்பரைக் கூறு நிற்கலாம், அதுவே ஒருவரைப் புகைக்கவும் தூண்டி நோயையும் தரலாம் என்பது ஃபிஷரின் வாதம். அவர் குழாயில் புகைப்பவர், புகையிலை நிறுவனங்களின் குழுவுக்கு ஆலோசகரும்கூட. அதற்காக அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது, கேள்வி நியாயமானது.

விடை 1959இல் கார்ன்ஃபீல்டும் அவருடன் எழுதியவர்களும் கொடுத்தார்கள். புகைப்பவர்களுக்கு ஒன்பது மடங்கு ஆபத்து என்றால், அது முழுவதும் மறைந்து நிற்கும் ஒரு காரணியின் வேலை என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் காரணி புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்காவது அதிகம் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. அவர்களுடைய வாதத்திலிருந்து நமக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பதினான்கு மடங்கு, இருபது மடங்கு என்று ஆய்வு சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடுவது கடினம். "இதைத் தின்றால் ஆபத்து 15 சதவீதம் கூடும்" என்று சொன்னால், அந்த 15 சதவீதத்தை உண்டாக்கச் சின்னக் குழப்பும் காரணியே போதும். காபிச் செய்திகள் மாதந்தோறும் மாறுவதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான்.

கோஹார்ட் என்றால் அப்படியே நம்பிவிடலாமா? அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் ஆய்வு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளைப் பின்தொடர்ந்தது. உலகின் சிறந்த கோஹார்ட்களில் ஒன்று. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவு என்று அதில் தெரிந்தது. லட்சக்கணக்கான பெண்களுக்கு மாத்திரை எழுதினார்கள். பிறகு 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இரு ஹார்மோன் சேர்ந்த அந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் மட்டுமல்ல, இதய நோயும் சற்றுக் கூடியிருந்தது. மாதவிடாய் நின்று எத்தனை வருடம் கழித்து மாத்திரை தொடங்கினார்கள் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அடிப்படை விஷயம் ஒன்று உண்டு. தானாக முன்வந்து டாக்டரிடம் போய் மாத்திரை கேட்டு வாங்கும் பெண், பொதுவாகவே தன் உடம்பைக் கவனித்துக்கொள்பவர். மாத்திரைக்குக் கிடைத்த நற்பெயரில் ஒரு பங்கு அவருடைய கவனத்துக்குச் சேர வேண்டியது.

நோன்பும் சர்க்கரை நோயும்

இதே சிக்கல் நம் வீடுகளுக்கும் வருகிறது. ரமலானில் நோன்பு வைத்த சர்க்கரை நோயாளிகளையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டால் வைத்தவர்களே நலமாக இருந்தார்கள் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வந்தால், உடனே கேளுங்கள்: வைக்காதவர்கள் ஏன் வைக்கவில்லை? நோய் முற்றியதால், டாக்டர் தடுத்ததால். ஒப்பீடு ஆரம்பத்திலேயே சாய்ந்துவிட்டது.

2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடையார் என்ற ஆய்வு வேறு வழியில் சென்றது. ரமலான் மாதத்தை மற்ற மாதங்களோடு ஒப்பிட்டது. இரண்டாம் வகை நோயாளிகளில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை கடுமையாகத் தாழ்வது, மாதம் நூறு பேருக்கு 0.4 என்றிருந்தது ரமலானில் 3 ஆனது. ஏழரை மடங்கு. முதல் வகையில் 3 என்றிருந்தது 14. இதுவும் பின்னோக்கிக் கேட்ட ஆய்வுதான். ஞாபகப் பிழை இருக்கும். ஆனால் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனதை எளிதில் மறக்க மாட்டார்கள். நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்வது இந்த எண்களால்தான்.

சென்னையிலும் விழுப்புரத்திலும்

கடைசியாக நம் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு. புகைபிடித்தலால் வருவது புற்றுநோய் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை மருத்துவர் வெ. கஜலட்சுமி, இங்கிலாந்தின் ரிச்சர்டு பீட்டோ முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் மருத்துவக் காரணங்களால் இறந்த சுமார் 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தது. ஒப்பீட்டுக்கு உயிருடன் இருக்கும் 35,000 ஆண்கள். பின்னோக்கிக் கேட்கும் முறைதான், ஆனால் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் இறந்தவரின் குடும்பத்தார்.

புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். நகரத்தில் பெரும்பாலும் சிகரெட், கிராமத்தில் பீடி. முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவயது ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதி புகையால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மனைவியோ மகனோ சொன்னது எவ்வளவு சரி என்று நீங்கள் கேட்கலாம். அவர் நாளைக்கு எத்தனை பீடி குடித்தார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், குடித்தாரா இல்லையா என்பது வீட்டுக்குத் தெரியும். இருமல் வந்தபின் பீடியை விட்டவரைப் புகைக்காதவர் கணக்கில் சேர்த்தால் முடிவு கெட்டுவிடும். எனவே எப்போதாவது புகைத்திருந்தாலே புகைத்தவர் என்று எடுத்துக்கொண்டார்கள். வறுமை என்ற மூன்றாவது ஆளும் இங்கே நிற்பார். ஏழைகளிடம் பீடியும் அதிகம், காசநோயும் அதிகம். படிப்பு அளவைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது அதைக் கட்டுப்படுத்தும் ஒரு வழி. நான்கு மடங்கு என்பது பதினான்கு அல்ல. ஆனால் வறுமையின் மேல் மட்டும் பழிபோட்டு ஒதுக்கிவிடக்கூடிய சிறிய எண்ணும் அல்ல.

முகாம் நடத்தும் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அட்டை எழுதும்போது தேதி, வயது, முன்பு புகைத்ததுண்டா, எந்த வயதில் விட்டார் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். மறுபடி தொடர்புகொள்ளலாமா என்று சம்மதம் கேட்டு வாங்குங்கள். சம்மதம் இல்லாதவரின் விவரத்தைச் சேர்க்க வேண்டாம். அட்டைகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பொதுச் சுகாதாரம் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் அடுத்த ஆண்டு அதே ஆட்களைத் தேடிப்போய்ப் பார்க்கும்போது, ஒருநாள் கணக்காக இருந்தது ஒரு சின்ன கோஹார்ட் ஆகியிருக்கும்.